மீட்டரை எங்கே வைத்தீர்கள்?

2022 டிசம்பர் 13 அன்று இரவு அண்ணன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, செய்தி பார்த்தீர்களா? அணுக்கரு இணைவில் வெற்றி பெற்றுவிட்டார்களாம். போட்டதைவிட அதிகமாகச் சக்தி வந்ததாம்" என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. பார்த்தேன் என்றேன். அடுத்து அவள் கேட்ட கேள்விதான் என்னை உட்கார வைத்தது. "நான் படித்து முடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுமா? எனக்கு அதில் வேலை ஏதாவது மிச்சம் இருக்குமா?"

விரிவாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுதத் தொடங்கினால் அது நீண்டுகொண்டே போனது. சில பகுதிகளை அப்போதே அனுப்பினேன். மிச்சத்தை இப்போதுதான் முடிக்கிறேன். இதற்குள் அவள் இயற்பியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டுக்கு வந்துவிட்டாள்.

இணைவு என்பது லேசான அணுக்கருக்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆற்றலை வெளிவிடுவது. அன்று நடந்தது உண்மையிலேயே பெரிய காரியம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் மூன்று கால்பந்து மைதானங்கள் கொள்ளும் ஒரு கட்டடம் இருக்கிறது. அதற்குள் 192 லேசர் கதிர்கள். அத்தனையும் குறிவைக்கும் பொருள், மிளகைவிடச் சிறிய ஒரு வைர உருண்டை. அதன் உட்புறத்தில் உறைந்த நிலையில் ஹைட்ரஜனின் கனமான இரு வடிவங்கள், டியூட்டீரியமும் டிரிட்டியமும். உருண்டையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் தங்கக் குழாய். லேசர் ஒளி உருண்டையைத் தொடுவதே இல்லை. குழாயின் இரு வாய்கள் வழியாக நுழைந்து உட்சுவரில் விழுகிறது. சூடேறிய சுவர் எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. அந்தக் கதிர்கள் உருண்டையின் மேல்தோலை ஆவியாக்கி வெளியே வீச, அந்த உதையின் எதிர்விசையில் மிச்சம் உள்நோக்கி நொறுங்குகிறது. ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் இணைவு நடந்து முடிந்துவிடுகிறது.

டிசம்பர் 5 அதிகாலையில் நடந்த அந்தச் சோதனையில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் உள்ளே போனது. 3.15 மெகாஜூல் இணைவு ஆற்றல் வெளியே வந்தது. ஆய்வுக்கூடத்தில் இலக்கின் மேல் விழுந்ததைவிட அதிக ஆற்றலை இணைவு கொடுத்தது அதுவே முதல் முறை. 2009-இல் கட்டி முடித்த கூடம் அது. 2012-க்குள் பற்றவைத்துவிடலாம் என்று நம்பினார்கள், முடியவில்லை. அதன் பிறகும் பத்தாண்டுகள் உருண்டையின் தடிமனையும் லேசர் துடிப்பின் வடிவத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி அந்த இடத்தை அடைந்தார்கள். அந்த உழைப்பைச் சிறுமைப்படுத்த எனக்கு மனம் வராது.

ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மின் கட்டணத்தில் வரும் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். அன்று வந்த இணைவு ஆற்றல் முழுவதையும் சேர்த்தால் ஒரு யூனிட்கூட ஆகாது. லேசரில் போனதைக் கழித்தபின் மிஞ்சியது ஏறக்குறைய 0.3 யூனிட். அந்த லேசர்களை ஒரு முறை இயக்க மின் இணைப்பிலிருந்து எடுத்த மின்சாரம் சுமார் 300 மெகாஜூல், அதாவது 83 யூனிட். வந்ததும் மின்சாரம் இல்லை, வெப்பம். அதைக் கொண்டு நீராவி உண்டாக்கி டர்பைன் சுழற்றினால் பாதிக்கும் மேல் வழியிலேயே போய்விடும். ஆக, 83 யூனிட் மின்சாரத்தைக் கொடுத்து, ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரமாக மாறக்கூடிய வெப்பத்தைப் பெற்றோம்.

'போட்டதைவிட அதிகம் வந்தது' என்ற வாக்கியத்தில் 'போட்டது' என்பது எது? எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. மின்சாரம் கட்டடத்துக்குள் நுழையும் சுவரில் மீட்டரை வைத்தால் 300 போனது, 3 வந்தது. லேசர் வெளிவரும் வாயில் வைத்தால் 2 போனது, 3 வந்தது. இரண்டும் சரியான அளவீடுகளே. விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளில் மீட்டர் எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாகவே எழுதுகிறார்கள். அந்த ஒரு வரி பத்திரிகைத் தலைப்புக்கு வந்து சேர்வதற்குள் காணாமல் போகிறது.

இதே ஆய்வுக்கூடம் 2014-இல் ஒரு முடிவை வெளியிட்டது. அப்போதும் 'போட்டதைவிட அதிகம்' என்று செய்தி வந்தது. அன்று மீட்டர் இன்னும் உள்ளே, எரிபொருளின் தோலிலேயே வைக்கப்பட்டிருந்தது. எரிபொருளை நேராகச் சென்று சேர்ந்த ஆற்றல் சுமார் 10 கிலோஜூல். வந்தது அதிகபட்சம் 17 கிலோஜூல். லேசர் கொடுத்ததோ 1.8 மெகாஜூலுக்கும் மேல். அந்தக் கணக்கில் வந்தது நூற்றில் ஒரு பங்கு. ஒரே கூடத்தில், எட்டு ஆண்டு இடைவெளியில், ஒரே வாக்கியம் இரண்டு வேறு பொருள்களில் சொல்லப்பட்டது. இரண்டையும் படித்த சாதாரண வாசகர், 2014-இலேயே இது நடந்துவிட்டதே, மறுபடி ஏன் முதல் முறை என்கிறார்கள் என்று குழம்பினால் அது அவர் குற்றமில்லை.

அந்த அறிவிப்புக் கூட்டத்திலேயே ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் கிம் பூடில், மின் நிலையம் என்றால் இன்னும் சில பத்தாண்டுகள் ஆகும் என்று சொன்னார். அந்தக் கூடம் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டதும் இல்லை. 1992-க்குப் பிறகு அமெரிக்கா அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்திவிட்டதால், வெடிக்காமலே தன் ஆயுதங்களின் நிலையை அறிந்துகொள்ளக் கட்டிய கருவி அது. லேசர் வழியில் மின்சாரம் எடுக்க வேண்டுமானால் வினாடிக்குப் பத்து முறை அளவில் இதைச் செய்ய வேண்டும். அப்படியானால் நாளொன்றுக்கு எட்டு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட உருண்டைகள் வேண்டும். ஒவ்வொன்றும் துல்லியமான கோளமாக இருக்க வேண்டும். தங்கக் குழாயோடு, உறைந்த எரிபொருளோடு, பறந்து வரும்போதே குறி தப்பாமல் அடிக்கப்பட வேண்டும். இன்றோ ஒரு பற்றவைப்புச் சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில் வாரங்கள் ஓடிவிடுகின்றன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த லேசர்கள் 1990-களின் தொழில்நுட்பம். இன்றைய டயோடு லேசர்கள் மின்சாரத்தைப் பல மடங்கு சிக்கனமாகப் பயன்படுத்துகின்றன. 2025-இல் அதே கூடம் 8.6 மெகாஜூலை எட்டியிருக்கிறது. முன்னேற்றம் இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் என் கேள்வி.

எனக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதையும் அவளிடம் சொன்னேன். 1989 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி போன்ஸ், மார்ட்டின் ஃபிளைஷ்மன் என்ற இரு வேதியியலாளர்கள் செய்தியாளர்களைக் கூட்டினார்கள். டியூட்டீரியம் கொண்ட கனநீரில் பல்லேடியம் என்ற உலோக மின்முனையை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் அறை வெப்பநிலையிலேயே இணைவு நடக்கிறது, போட்டதைவிட அதிக வெப்பம் வருகிறது என்றார்கள். நான் அப்போது பள்ளி மாணவன். ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் நட்சத்திரத்தின் வேலை நடக்கிறது என்பதைப் படித்துவிட்டுப் பல நாள் தூக்கம் வரவில்லை. ஒரு நோட்டில் அந்தக் குடுவையின் படத்தை வரைந்து வைத்திருந்தேன்.

அந்தக் கனவை உடைத்தது ஓர் எளிய கணக்கு. டியூட்டீரியம் இணைந்தால் ஏறக்குறைய பாதி முறை ஒரு நியூட்ரான் வெளியேற வேண்டும். ஒரு வாட் வெப்பத்துக்கே வினாடிக்குச் சுமார் லட்சம் கோடி நியூட்ரான்கள். அவர்கள் சொன்ன அளவு வெப்பம் இணைவிலிருந்து வந்திருந்தால், குடுவையின் பக்கத்தில் நின்றவர்கள் கதிர்வீச்சில் உயிரோடு இருந்திருக்க முடியாது. அவர்கள் நலமாக இருந்தார்கள். வேறு ஆய்வுக்கூடங்களும் முயன்று பார்த்து அந்த முடிவைப் பெற முடியாமல் கைவிட்டன. அந்த ஆண்டு நவம்பருக்குள் அமெரிக்க எரிசக்தித் துறை அமைத்த குழு, நம்பத்தகுந்த சான்று இல்லை என்று சொல்லிவிட்டது.

எனக்கு மிகுந்த வருத்தம். இப்போதும் அந்த வருத்தத்தை நினைவுபடுத்திக்கொள்ள முடிகிறது. ஆனால் நியூட்ரான் எங்கே என்ற அந்தக் கேள்வியின் அழகும் அப்போதுதான் பிடிபட்டது. இயற்கையிடம் ரசீது கேட்பது போன்ற கேள்வி அது.

குடுவை வரைந்த அதே நோட்டில் பிறகு வாக்குறுதிகளைத் தேதியோடு குறித்துவரத் தொடங்கினேன். பழையவற்றையும் தேடி எடுத்துச் சேர்த்தேன். முதல் பக்கத்தில் 1951 மார்ச் 24. அர்ஜென்டினாவின் அதிபர் பெரோன், உவெமுல் தீவில் ரொனால்ட் ரிக்டர் என்பவர் கட்டுப்படுத்தப்பட்ட இணைவைச் சாதித்துவிட்டார் என்று உலகுக்கு அறிவித்தார். மறு ஆண்டே ஹோசே பால்செய்ரோ முதலான விஞ்ஞானிகள் தீவுக்குச் சென்று பார்த்து, அங்கே எதுவும் இல்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். அடுத்து 1955, ஜெனிவா. அணுசக்தியின் ஆக்கப் பயன்பாடு குறித்த ஐ.நா. மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, இன்னும் இருபது ஆண்டுகளுக்குள் இணைவு ஆற்றலைக் கட்டுப்பாட்டோடு வெளிக்கொணரும் வழி காணப்படும் என்று தம் கணிப்பைச் சொன்னார். பாபா ஏமாற்றுக்காரர் அல்ல. நேர்மையான, பெரிய அறிவாளி. அந்தக் காலத்தில் பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்துபோன அதிவெப்ப வாயு, எவ்வளவு அடங்காதது என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அணுகுண்டு வெடித்துப் பத்தாண்டுகளுக்குள் பிளவு மின் நிலையம், அதாவது அணுக்கருவைப் பிளந்து மின்சாரம் எடுக்கும் நிலையம், வந்துவிட்டது. இணைவால் வெடிக்கும் ஹைட்ரஜன் குண்டுக்கும் அப்படியே என்று நினைத்தது இயல்புதான்.

நோட்டின் பிற்பகுதியில் 2014 அக்டோபர் என்று ஒரு குறிப்பு. லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனம், ஒரு லாரியில் ஏற்றக்கூடிய இணைவு உலை பத்தாண்டுகளில் தயாராகிவிடும் என்றது. பத்தாண்டுகள் கடந்துவிட்டன. உலை இல்லை, திட்டமும் இல்லை. 2023 மே மாதக் குறிப்பு, ஹீலியான் நிறுவனம் 2028-இல் மைக்ரோசாஃப்டுக்கு இணைவு மின்சாரம் தருவதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம். அதன் எதிரே இன்னும் எதுவும் எழுதவில்லை. தேதி வரட்டும்.

நீண்ட வரிசை ஐ.டி.இ.ஆர் திட்டத்துக்கு. பிரான்சின் கடராஷில் இந்தியா உட்பட ஏழு தரப்புகள் சேர்ந்து கட்டும் மாபெரும் உலை. 2006-இல் ஒப்பந்தம். அப்போது 2016 என்றார்கள், பிறகு 2025 என்றார்கள். 2024 ஜூலையில் வெளியான திட்டப்படி ஆய்வுப் பணி 2034-இல் தொடங்கும். டியூட்டீரியமும் டிரிட்டியமும் சேர்ந்து எரிவது 2039-இல். நான் அந்தத் தாமதத்தைப் பெரிய குற்றமாகக் கருதவில்லை. முன்பு யாரும் கட்டாத ஒன்றைப் பல நாடுகள் பகிர்ந்து கட்டினால் இப்படித்தான் ஆகும். என் மனத்தாங்கல் வேறு இடத்தில். 50 மெகாவாட் கொடுத்தால் 500 மெகாவாட் தரும், பத்து மடங்கு என்று பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. அந்த 50 என்பது பிளாஸ்மாவைச் சூடாக்க உள்ளே போகும் ஆற்றல் மட்டும். காந்தங்களைக் குளிர்விக்க, பம்புகளை இயக்க, சூடாக்கும் கருவிகளை இயக்க என்று முழு வளாகத்துக்கும் தேவைப்படும் மின்சாரம் 110 மெகாவாட்டில் தொடங்கி, உச்ச நேரத்தில் 620 மெகாவாட் வரை போகும் என்பது அவர்களே வெளியிட்ட தகவல். வருகிற 500 மெகாவாட்டும் வெப்பம். மின்சாரம் தயாரிக்கும் கருவி அந்த வளாகத்தில் கிடையாது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஸ்டீவன் க்ரிவிட் இதை ஆண்டுக்கணக்கில் விடாமல் எழுதினார். ஆராய்ச்சிக் கருவி என்ற வகையில் அந்தப் பத்து மடங்கு மகத்தானது. ஆனால் அது மின் நிலையத்தின் பத்து மடங்கு அல்ல. இதைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த வரியை முதலிலிருந்தே சொல்லியிருக்கலாம்.

'சாதனை முறியடிப்பு' என்று வரும் செய்திகளையும் அவளோடு சேர்ந்து பிரித்துப் பார்த்தோம். இங்கிலாந்தின் கல்ஹாமில் இருந்த ஜெட் உலை 2021-இல் 59 மெகாஜூல், 2023-இல் 69 மெகாஜூல் என்று இணைவு ஆற்றலில் உலகச் சாதனை படைத்தது. கடைசிச் சாதனை ஐந்து வினாடிகளில், 0.2 மில்லிகிராம் எரிபொருளில். மிக அழகான சோதனை. ஆனால் உள்ளே கொடுத்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 2021-இல் திரும்பி வந்தது. அதே உலை 1997-இல் 24 மெகாவாட் கொடுத்து 16 மெகாவாட் பெற்றது, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் 2021-இல் பின்னடைவா? அதுவும் இல்லை. 1997-இல் உச்சத்தைத் தொட்டது ஒரு கணம், 2021-இல் ஐந்து வினாடிகள் நிலையாக நின்றது, அதுவும் ஐ.டி.இ.ஆருக்குத் திட்டமிட்டிருந்த அதே வகை உலோகச் சுவரோடு. ஒரு துறை உண்மையில் எப்படி முன்னேறுகிறது என்று பார்க்க விரும்புகிறவருக்கு இந்த ஒப்பீடு ஒன்றே ஒரு பாடத்துக்குச் சமம். 'சாதனை' என்ற சொல் அதை மூடி மறைத்துவிடுகிறது.

ஜப்பானின் ஜே.டி-60 உலை 1998-இல் கொடுத்த ஆற்றலைப் போல் 1.25 மடங்கு பெற்றதாக இன்றும் எழுதுகிறார்கள். அந்த உலையில் டிரிட்டியம் பயன்படுத்தப்படவே இல்லை. டியூட்டீரியம் மட்டும் வைத்துச் செய்துவிட்டு, டிரிட்டியமும் சேர்த்திருந்தால் இவ்வளவு வந்திருக்கும் என்று கணக்கிட்ட எண் அது. நிபுணர்களுக்கு அது பயனுள்ள எண். வெளியே வந்தால் நடந்த நிகழ்ச்சியாக மாறிவிடுகிறது.

'செயற்கைச் சூரியன்' என்ற தலைப்பைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும். சூரியனின் மையத்தில் ஒரு கன மீட்டரில் உண்டாகும் ஆற்றல் 300 வாட்டுக்கும் குறைவு. மனித உடல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட, அளவுக்கு அளவு பார்த்தால், அதைவிட அதிக வெப்பத்தை வெளிவிடுகிறது. சூரியன் அத்தனை மெதுவாக எரிவதால்தான் பல நூறு கோடி ஆண்டுகள் நீடிக்கிறது. அத்தனை பெரியதாக இருப்பதால்தான் பிரகாசிக்கிறது. அந்த வேகத்தில் எரியும் உலை நமக்கு எதற்கும் உதவாது. சூரிய மையத்தின் வெப்பநிலை ஒன்றரைக் கோடி டிகிரி. உலையில் நமக்கு அதைப் போல் பத்து மடங்கு வேண்டும். எரிபொருளும் வேறு. நாம் கட்ட முயல்வது சூரியனைவிடக் கடினமான ஒன்று. அந்தத் தலைப்பு விஞ்ஞானிகளின் வேலையைப் பெரிதாக்குவதற்குப் பதிலாகக் குறைத்துக் காட்டுகிறது.

வெப்பநிலை மட்டும் போதாது என்பதும் 1950-களிலேயே தெரிந்த விஷயம். வெப்பநிலை, அடர்த்தி, வெப்பம் தப்பாமல் அடைபட்டிருக்கும் காலம் ஆகிய மூன்றின் பெருக்கல் ஓர் எல்லையைத் தாண்ட வேண்டும் என்ற கணிப்பின் அடிப்படையை ஜான் லாசன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி வகுத்துக் கொடுத்தார். இன்றைய செய்திகள் பெரும்பாலும் மூன்றில் ஒன்றை மட்டும் சொல்கின்றன. பத்துக் கோடி டிகிரி என்பார்கள், அடர்த்தியைச் சொல்லமாட்டார்கள். ஆயிரம் வினாடி என்பார்கள். அது பிளாஸ்மா நீடித்த நேரமே தவிர வெப்பம் அடைபட்டிருந்த காலம் அல்ல என்பதைச் சொல்லமாட்டார்கள்.

இவை எல்லாம் தீர்ந்தாலும் மீதியிருக்கும் ஒன்றைப் பற்றி அவளுக்கு அதிகம் எழுதினேன். எரிபொருள். இணைவு எரிபொருள் கடல் நீரில் இருக்கிறது, தீரவே தீராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். டியூட்டீரியத்துக்கு அது உண்மை. டிரிட்டியத்துக்கு இல்லை. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், சேர்த்து வைத்தாலும் கரைந்துகொண்டே இருக்கும். உலகில் பொதுப் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் இருப்பு சில பத்து கிலோதான். அதுவும் பெரும்பாலும் கனநீர் கொண்டு இயங்கும் பிளவு உலைகளின் துணைவிளைவு. ஆயிரம் மெகாவாட் இணைவு ஆற்றலை ஓராண்டு தொடர்ந்து எடுக்க 55 கிலோவுக்குமேல் டிரிட்டியம் எரிய வேண்டும். ஒரே ஒரு நிலையத்துக்கே உலக இருப்பு போதாது.

ஆகவே உலையே தன் டிரிட்டியத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வழி இதுதான்: ஒவ்வொரு இணைவிலும் ஒரு நியூட்ரான் பறக்கிறது, உலையைச் சுற்றி லித்தியத்தால் ஒரு போர்வை அமைத்தால், நியூட்ரான் லித்தியத்தில் மோதி டிரிட்டியம் பிறக்கும். கணக்கைக் கவனியுங்கள். ஒரு டிரிட்டியம் செலவானால் ஒரு நியூட்ரான் கிடைக்கிறது. அந்த ஒரு நியூட்ரான் குறைந்தது ஒரு டிரிட்டியத்தையாவது திருப்பித் தர வேண்டும். ஆனால் சில நியூட்ரான்கள் எஃகில் மாட்டிக்கொள்ளும். சில, லேசரோ குழாயோ நுழையும் துளைகள் வழியாகத் தப்பிவிடும். பிறந்த டிரிட்டியத்திலும் ஒரு பகுதி சுவர்களில் ஊறிப்போகும். இழப்பை ஈடுகட்ட பெரிலியமோ ஈயமோ வைத்து நியூட்ரான்களைப் பெருக்க வேண்டும். காகிதத்தில் இது நூலிழை லாபத்தோடு ஒத்துவருகிறது. இயங்கும் ஓர் இணைவு உலையில் ஒரு கிராம் டிரிட்டியத்தைக்கூட இன்றுவரை யாரும் இப்படி விளைவித்து எடுத்ததில்லை. இதற்கு நடுவில், வெளியாகும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கைச் சுமந்து வரும் அதே நியூட்ரான்கள் உட்சுவரின் உலோகத்தை அணு அணுவாக இடம்பெயர்த்துக்கொண்டிருக்கும். அந்த அடியைப் பல ஆண்டுகள் தாங்கும் பொருள் எது என்று சோதித்துப் பார்க்கத் தேவையான நியூட்ரான் மூலத்தையே ஸ்பெயினின் கிரனாடா அருகில் இப்போதுதான் கட்டுகிறார்கள்.

லாரன்ஸ் லிட்ஸ்கி என்பவர் இவற்றை 1983-லேயே எழுதிவிட்டார். அவர் வெளியாள் அல்ல; அப்போது அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் பிளாஸ்மா இணைவு மையத்தின் துணை இயக்குநர். பிளாஸ்மாவை அடக்கிவிட்டாலும், இந்த எரிபொருளில் கிடைக்கும் உலை எந்த மின் நிறுவனமும் விரும்பாத அளவுக்குப் பெரியதாகவும் சிக்கலானதாகவும் இருக்கும் என்பது அவர் வாதம். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வாதத்துக்கு முழுப் பதில் வரவில்லை. அவருடைய முடிவை நான் அப்படியே ஏற்கவில்லை. உயர் வெப்பநிலை மீகடத்திகளை, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்களைக் கொண்டு, 2021 செப்டம்பரில் எம்.ஐ.டி.யும் காமன்வெல்த் ஃப்யூஷன் நிறுவனமும் 20 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) காந்தத்தை இயக்கிக் காட்டியதை அவர் பார்த்திருந்தால், உலையின் அளவு பற்றிய தம் கணக்கை மறுபடி போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அந்தக் காந்த அறிவிப்பு எனக்குப் பிடித்திருந்தது. காந்தம் வேலை செய்கிறது என்று சொன்னார்கள். பிறகு அளவீடுகளைக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். சொன்னதும் காட்டியதும் ஒன்றாக இருந்தன.

2024 வரை தனியார் இணைவு நிறுவனங்களுக்கு வந்த முதலீடு 700 கோடி டாலருக்கு மேல். பணம் வருவது நல்லது. ஆனால் அடுத்த தவணையை எதிர்பார்க்கும் நிறுவனம் தன் மீட்டரைத் தானே படித்துச் சொல்லும்போது, கேட்பவர் நிதானமாக இருக்க வேண்டும். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

அவள் ஒருமுறை கேட்டாள், "அப்படியானால் எதைத்தான் நம்புவது சித்தப்பா?" அதற்கு ஒரு கதையைப் பதிலாக எழுதினேன். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை.

1956 ஏப்ரலில் சோவியத் தலைவர்கள் குருசேவும் புல்கானினும் பிரிட்டன் சென்றபோது அணு விஞ்ஞானி இகோர் குர்ச்சாட்டோவும் உடன் போனார். ஹார்வெல் ஆய்வு நிலையத்தில் உரையாற்றினார். இணைவு ஆராய்ச்சி இரு பக்கமும் ரகசியமாகக் காக்கப்பட்ட காலம். அவர் தங்கள் சோதனைகளைத் திறந்து வைத்தார். கூடவே ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். நியூட்ரான் வந்துவிட்டால் இணைவு வெப்பத்தால் நடந்தது என்று பொருளில்லை. பிளாஸ்மா நிலைகுலையும்போது சில அயனிகள் மட்டும் தூக்கி எறியப்பட்டு மோதினாலும் நியூட்ரான் வரும்.

அதே ஹார்வெல்லில் 1957-இல் ஜீட்டா என்ற கருவி இயங்கத் தொடங்கியது. நியூட்ரான்கள் வந்தன. 1958 ஜனவரியில் ஹார்வெல்லின் தலைவர் ஜான் காக்கிராஃப்ட் செய்தியாளர்களிடம், இவை இணைவு நியூட்ரான்கள்தாம் என்பதில் தமக்குத் தொண்ணூறு சதவீதம் உறுதி என்றார். நாளிதழ்கள் கொண்டாடின. ஹார்வெல்லிலேயே பணியாற்றிய பாசில் ரோஸ் அந்த நியூட்ரான்களின் ஆற்றலை வெவ்வேறு திசைகளில் அளந்தார். வெப்பத்தால் வந்திருந்தால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லை. குர்ச்சாட்டோவ் சொன்னதேதான் நடந்திருந்தது. அந்த மே மாதத்திலேயே அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். நோபல் பரிசு பெற்ற ஒருவர் முன்னின்று சொன்னதை, அவருடைய நிலையத்தைச் சேர்ந்த ஒருவரே அளந்து மறுத்தார். அதை மறைக்காமல் வெளியிடவும் செய்தார்கள்.

பத்தாண்டுகள் கழித்து, 1968-இல் நோவோசிபிர்ஸ்க் மாநாட்டில் சோவியத் விஞ்ஞானி லெவ் ஆர்ட்சிமோவிச், மாஸ்கோவின் குர்ச்சாட்டோவ் நிறுவனத்தில் இருந்த டி-3 டோகாமாக்கில் (பிளாஸ்மாவைக் காந்தப் புலத்தால் வளையமாக அடைத்து வைக்கும் கருவி) எலக்ட்ரான்களின் வெப்பநிலை ஒரு கோடி டிகிரியை எட்டியதாக அறிவித்தார். மேற்கில் பலர் நம்பவில்லை. அளந்த முறை மறைமுகமானது. வேகமாக ஓடும் சில எலக்ட்ரான்கள் மட்டும் கணக்கைக் கெடுத்திருக்கலாம் என்றார்கள். ஆர்ட்சிமோவிச் அதற்குக் கோபப்படவில்லை. பிரிட்டனின் கல்ஹாம் இணைவு ஆய்வுக்கூடத்தின் தலைவர் பாஸ் பீஸிடம், உங்கள் ஆட்களை அனுப்புங்கள், நீங்களே வந்து அளந்து பாருங்கள் என்றார்.

பனிப்போர் உச்சத்தில் இருந்தது. செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்த காலம். அதற்கிடையில் பிரிட்டனிலிருந்து ஒரு சிறு குழு தங்கள் ரூபி லேசரையும் கருவிகளையும் டன் கணக்கில் மூட்டை கட்டிக்கொண்டு மாஸ்கோ போனது. பிளாஸ்மாவுக்குள் லேசர் துடிப்பைச் செலுத்துவார்கள். ஒளி எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறும். எலக்ட்ரான்கள் வேகமாக ஓடுகின்றன என்றால், சிதறிய ஒளியின் நிறம் இரு பக்கமும் அகலமாக விரியும். அந்த அகலமே வெப்பநிலை. ஓடிப்போன ஒன்றிரண்டு எலக்ட்ரான்கள் அதை ஏமாற்ற முடியாது. பிளாஸ்மாவின் சொந்த வெளிச்சத்துக்கு நடுவே அந்தச் சிதறலைப் பிரித்தெடுப்பது படாத பாடாக இருந்திருக்கிறது. லேசரைத் திருத்தி, மறுபடி திருத்தி, 1969 கோடையில் தெளிவான பதில் கிடைத்தது. ஆர்ட்சிமோவிச் சொன்னது சரி.

அதன் பிறகு நடந்ததுதான் உண்மையான திருப்புமுனை. அதிகம் சந்தேகப்பட்டவர்களே முதலில் மாறினார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆய்வுக்கூடம் தன் பெரிய ஸ்டெல்லரேட்டரை, காந்தத்தால் பிளாஸ்மாவை அடைக்கும் வேறு வகைக் கருவியை, பிரித்து 1970-க்குள் டோகாமாக்காக மாற்றிவிட்டது. ஜெட், ஐ.டி.இ.ஆர் எல்லாம் அந்த மாஸ்கோ அளவீட்டின் வழித்தோன்றல்கள்.

இந்தக் கதையை அனுப்பிய மறுநாள் அவளிடமிருந்து நீண்ட பதில் வந்தது. முதுகலையில் போர்வைப் பொருள்களைப் பற்றியோ பிளாஸ்மா அளவீட்டைப் பற்றியோ படிக்க நினைப்பதாகவும், இரண்டில் எது என்று இன்னும் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாள். கடைசியில், அந்த மாஸ்கோ அளவீட்டின் மூலக் கட்டுரை கிடைக்குமா என்று கேட்டிருந்தாள். 1969 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வந்தது. மூன்றே பக்கங்கள். கல்ஹாம்காரர்களின் பெயர்களோடு சன்னிகோவ் என்ற சோவியத் விஞ்ஞானியின் பெயரும் சேர்ந்து இருக்கிறது. நேற்று இரவு அனுப்பிவைத்தேன்.